நூறு கிலோமீட்டர் மிதிக்க ஒரு சாதாரண பேன்ட் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் நெடுந்தூர சைக்கிள் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த அளவு சைக்கிள் வாங்கணும், எத்தனை கியர் போதும், வழியில் எவ்வளவு தண்ணீர் குடிக்கணும் என்றெல்லாம் அக்கறையாக எழுதியிருந்தார்கள். உடைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: பேடிங் வைத்த லைக்ரா ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அந்த ஒரு வரி போதாது என்பதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடமில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், தையல் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

எனக்கு 49 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிளை எடுத்துவிடுவேன். முதலில் வெள்ளலூர், பேரூர் என்று பக்கத்திலேயே சுற்றினேன், அப்புறம் பொள்ளாச்சி, ஆழியாறு, இப்போது மாதம் ஒருமுறை பழனி. என்னைப் போல நடுவயதில் சைக்கிளுக்குத் திரும்பி வருகிறவர்களை இந்தச் சாலைகளில் நிறையப் பார்க்கிறேன். அதில் சிலர் இரண்டாவது மாதமே காணாமல் போய்விடுகிறார்கள். விசாரித்தால் முட்டி வலி என்பார்கள், நேரமில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும். ஒன்று, தொடை இடுக்கில் புண். இல்லையென்றால், அந்த இறுக்கமான ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கக் கூச்சம். இரண்டுக்கும் காரணம் உடைதான். சரியான ஒரு பேன்ட் இருந்தால் இரண்டும் தீர்ந்துவிடும்.

லைக்ராவின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தோலோடு ஒட்டிக் கிடப்பதால் துணி மடங்கி உரசவே இடமில்லை, காற்றும் பிடிக்காது. 200 கி.மீ. தூரத்தைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய, பிரெவே என்கிற நெடுந்தூரப் பயணங்களுக்குப் போகிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள், போடட்டும். ஆனால் எல்லோரும் நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு போவதில்லையே. நான் கிணத்துக்கடவில் நின்று டீ குடிப்பேன். பொள்ளாச்சியில் என் பெரியம்மா வீட்டுக்குப் போய் இரண்டு இட்லி சாப்பிட்டு, பேரப்பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும். உடுமலையில் நண்பரின் கடையில் அரைமணி உட்காருவேன். பழனியில் மலையேறிச் சாமி கும்பிடுவேன். இந்த நான்கு இடத்துக்கும் உடம்போடு ஒட்டிய அரை ஷார்ட்ஸில் போக எனக்கு மனசு வரவில்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லமாட்டார், எனக்குத்தான் வரவில்லை. ஊருக்குள் இறங்கி மனிதர்களோடு பேசிக்கொண்டு போவதற்காகத்தான் நான் காரை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அதற்கு ஏற்ற உடை எனக்கு வேண்டும். வெயிலும் இன்னொரு காரணம். மார்ச் மாதத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கு மேல் வெறும் முழங்காலோடு பொள்ளாச்சி ரோட்டில் மிதித்துப் பாருங்கள், சாயந்திரம் தொடையின் மேல்பக்கம் எரியும். மெல்லிய முழுக்கால் பேன்ட்டுக்குள் கால் தப்பித்துவிடுகிறது.

முதல் தடவை பழனிக்கு நான் போனது ஜீன்ஸில். ஜீன்ஸ் என்றால் கெட்டி, எதையும் தாங்கும் என்ற எண்ணம். பொள்ளாச்சி தாண்டும்வரை எதுவும் தெரியவில்லை. உடுமலைக்கு முன்னாலேயே இரண்டு தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் சுள்ளென்று எரிய ஆரம்பித்தது. நின்று மிதித்தேன், ஒருக்களித்து உட்கார்ந்தேன், ஒன்றும் உதவவில்லை. பழனி போய்ச் சேரும்போது தோல் உரிந்திருந்தது. சைக்கிளை அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரின் கடையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் கோவைவரை நின்றுகொண்டேதான் வந்தேன். அந்த வாரம் அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அப்போது சைக்கிள்தான் எனக்கு ஒத்துவரவில்லை என்று நினைத்தேன். சைக்கிள் மேல் தப்பே இல்லை.

உங்கள் ஜீன்ஸை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். முன்பக்கத் தையல், பின்பக்கத் தையல், இரண்டு கால்களின் உள்தையல் என்று நான்கும் ஒரே புள்ளியில் வந்து சந்திக்கும். ஒவ்வொன்றும் துணியை மடித்து இரட்டைத் தையல் போட்டது. அந்தச் சந்திப்பில் விரலை வைத்து அழுத்தினால் ஒரு முடிச்சுப் போலத் தட்டுப்படும். நாற்காலியில் உட்காரும்போது நம் எடை தொடையிலும் பின்புறத்திலும் பரவலாக இறங்குவதால் அது தெரியாது. சைக்கிள் சீட்டில் அப்படி இல்லை, இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளும் அவற்றுக்கு நடுவில் உள்ள மெல்லிய சதையும்தான் தாங்குகின்றன, முடிச்சும் சரியாக அங்கேதான் வருகிறது. நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 4,200 சுற்று. பழனி போய்ச் சேர ஐந்து மணி நேரம் என்று வையுங்கள், 21,000 தடவை அந்த முடிச்சு அதே இடத்தில் தேய்கிறது. வியர்வையில் ஊறிய தோல் எவ்வளவு தாங்கும்?

என் அப்பா மில் தொழிலாளி. சங்கு ஊதுவதற்குள் மில் வாசலில் நிற்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் சைக்கிள் மிதித்தவர். அவருக்கு இந்தப் புண் வந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பேன்ட் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொப்புளுக்கு மேல் ஏறி நிற்கும் இடுப்பு, முன்பக்கம் இரண்டிரண்டு மடிப்பு, தொடையில் தாராளமான இடம், மெல்லிய துணி. வலது காலில் கணுக்காலுக்கு மேல் ஒரு இரும்புக் கிளிப். அந்தக் காலத்துப் பேன்ட் என்று நாங்கள் பார்த்த அந்த அளவுதான் சைக்கிளுக்குச் சரியான அளவு. முட்டியை மேலே தூக்கும்போது தொடைக்குத் துணி வேண்டும், முன்னால் குனியும்போது முதுகுக்குத் துணி வேண்டும். மடிப்பும் உயர்ந்த இடுப்பும் அதைக் கொடுத்தன. இப்போது கடைகளில் தொங்கும் லோ வெய்ஸ்ட், ஸ்லிம் ஃபிட் இரண்டும் அதை எடுத்துவிட்டன. நின்றுகொண்டு கண்ணாடி பார்க்க அவை அழகுதான்.

குதிரைச் சவாரிக்கு ஜோத்பூர்க்காரர்கள் கண்டுபிடித்த பேன்ட் உலகம் முழுக்கப் போய் இன்றைக்கும் ஜோத்பூர்ஸ் என்றே அழைக்கப்படுகிறது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்கு லண்டன் போன ஜோத்பூர் அரச குடும்பத்து சர் பிரதாப் சிங் அதைப் போட்டிருந்தார். அதன் பிறகுதான் ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டியிருக்கும், தொடையில் பலூன் போல உப்பியிருக்கும். பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பல் அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. அன்றைக்குத் துணி இழுபடாது, அதனால் தையல்காரர் வெட்டும்போதே இடம் விட்டார். பின்னாளில் இழுபடும் துணி வந்தவுடன் அந்த உப்பல் தானாக மறைந்துவிட்டது. சைக்கிளுக்கும் இதே கணக்குதான். துணி இழுபடணும், இல்லையென்றால் அளவில் இடம் இருக்கணும். கெட்டித் துணியில் இறுக்கமான அளவு என்பது எந்தச் சவாரிக்கும் ஆகாது.

ஜீன்ஸ் அனுபவத்துக்குப் பிறகு இணையத்தில் சைக்கிள் பேன்ட் என்றே போட்டு விற்ற ஒன்றை மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். நான்காவது பயணத்தில் கவட்டுத் தையல் பிரிந்தது. திருப்பி அனுப்பினால், பயன்படுத்திய துணியை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்தது. பயன்படுத்தாமல் எப்படித் தையல் பிரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணனிடம் போனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு தையலையும் ஒரே எடத்துல கொண்டாந்து சேர்த்தா பிரியத்தானுங்க செய்யும்" என்றார். நடுவில் டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு துணி வைத்துத் தைத்தால் நான்கு தையலும் நான்கு பக்கமாக விலகிப் போய்விடும், நடுவில் தையலே வராது என்று பேப்பரில் வரைந்து காட்டினார். "பைஜாமாவுக்கு எங்கப்பா இப்படித்தான் வச்சுத் தைப்பாருங்க, இப்ப யாரும் கேக்கறதில்லை." எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மலையேறுகிறவர்களுக்கும் நடைப்பயணக்காரர்களுக்கும் என்று வெளிநாட்டில் தைக்கும் விலை அதிகமான பேன்ட்களில் இருப்பதும் இதே துண்டுதான். எங்கள் தெருமுனையிலேயே அதைத் தைக்கத் தெரிந்த கை இருந்திருக்கிறது.

அவர் தைத்துக் கொடுத்த பேன்ட்டைத்தான் இப்போது போடுகிறேன். அளவைச் சொல்கிறேன், உங்கள் டெய்லரிடம் அப்படியே சொல்லுங்கள். 58 அங்குல அகலத் துணி 1.30 மீட்டர் எடுத்தேன், கவட்டுத் துண்டு அதன் மீதியிலேயே வந்துவிட்டது. பின்பக்க இடுப்பு முன்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் உயரம், குனிந்தால் முதுகு தெரியாது, சட்டையும் வெளியே வராது. முன்னால் இரும்புப் பட்டன் வேண்டாம், அது குனியும்போது வயிற்றில் குத்தும். தட்டையான கொக்கி வைக்கச் சொன்னேன், இரண்டு பக்கவாட்டிலும் மூன்று மூன்று அங்குலத்துக்கு எலாஸ்டிக். தொடை என் வழக்கமான அளவைவிட இரண்டு அங்குலம் கூடுதல். பாட்டம் சுற்றளவு 13 அங்குலம். நீளம் வழக்கத்தைவிட ஒரு அங்குலம் அதிகம், ஏனென்றால் முட்டி மடங்கும்போது துணி மேலே ஏறும். உள்தையலில் பிசிறு தொடையைத் தொடாதபடி மடித்து அடிக்கச் சொன்னேன். பார்ப்பதற்கு இது சாம்பல் நிற ஆபீஸ் பேன்ட், அவ்வளவுதான். திங்கட்கிழமை இதையே போட்டுக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூலி 550 ரூபாய்.

ரெடிமேடு எடுக்கிறவர்கள் டிரையல் ரூமில் நின்று கண்ணாடி மட்டும் பார்க்காதீர்கள். உள்ளேயே ஒருமுறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுங்கள். ஒரு காலில் நின்று இன்னொரு முட்டியை நெஞ்சுவரை தூக்குங்கள், தொடையில் துணி இழுத்துப் பிடித்தால் அது வேண்டாம். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி குனிந்து, பின்னால் இடுப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். இதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். வெளியே மனைவி, பிள்ளைகள், கடைப் பையன் எல்லோரும் காத்திருப்பார்கள், காத்திருக்கட்டும்.

துணியைப் பற்றி நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, காட்டன்தான் வெயிலுக்கு நல்லது என்று. சும்மா இருக்கும்போது நல்லதுதான். ஐந்து மணி நேரம் வியர்க்கும்போது அது வேறு கதை. பருத்தி ஈரத்தை நிறையப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததைச் சீக்கிரம் விடாது. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டரில் அது அரை சதவீதம்கூட வராது. நைலான் இடையில், 4 சதவீதம் அளவில். ஈரமான துணி தோலைப் பிடித்து இழுக்கும், காய்ந்த துணி வழுக்கிக்கொண்டு போகும். அதற்காக முழு பாலியஸ்டரும் வேண்டாம், நாற்றம் வந்துவிடும், வெயிலில் புழுங்கும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து, அதோடு இரண்டு மூன்று சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை சேர்ந்த நெசவுத் துணி எனக்குச் சரியாக இருக்கிறது. நைலான் கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது, தேய்மானத்தைத் தாங்கும். கடையில் துணியைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். இழுபடும் நூலைப் பெரும்பாலும் ஊடையில், அதாவது அகலவாக்கில் ஓடும் நூலில்தான் கொடுப்பார்கள், நீளவாக்கில் இழுத்தால் தெரியாது. விட்டவுடன் பழைய அளவுக்கு வரணும். தளர்ந்தே நின்றால் நான்கே துவைப்பில் முட்டி தொங்கிப் போகும். எடை, சதுர மீட்டருக்கு 200 கிராம் ஒட்டி இருந்தால் போதும். 12 அவுன்ஸ் ஜீன்ஸ் துணி 400 கிராம் வரும். மழையில் நனைந்துவிட்டால் அது காலில் கட்டிய மூட்டைதான், பொள்ளாச்சியில் நனைந்தது கோவை வந்தும் காயாது.

டிராக் பேன்ட் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: இருபது கி.மீ.க்கு நன்றாக இருக்கும். பின்னல் துணி என்பதால் சீட்டில் தேயும் இடம் முதலில் பிசிறு தட்டி அப்புறம் மெலிந்துபோகிறது. என்னுடையது ஒன்று ஆறே மாதத்தில் பின்புறம் சல்லடை மாதிரி ஆனது, அதுவும் எனக்குத் தெரியாமல். பின்னால் வந்த நண்பர் சொல்லித்தான் தெரிந்தது.

வலது கால் அடிப்பாகம் தனிக் கவலை. அப்பா காலத்து சைக்கிளில் செயின் முழுக்கத் தகர மூடி போட்டு மூடியிருந்தது, கியர் சைக்கிளில் அது கிடையாது. பல்சக்கரத்தில் துணி மாட்டினால் கிழிவதோடு நிற்காது, ஆளையே கவிழ்த்துவிடும். பாட்டம் குறுகலாக இருப்பது பாதிப் பாதுகாப்பு, மீதிக்கு ஒரு வெல்க்ரோ பட்டி கட்டுங்கள். நான் உள்மடிப்பில் வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டி ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறேன். இருட்டிவிட்டால் வலது காலை ஒரு மடிப்பு மேலே மடித்துக்கொள்வேன், கால் மேலும் கீழும் போகும்போது அந்தப் பட்டியும் ஆடுவதால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு இது மனிதன் என்று தூரத்திலேயே புரியும். வெளிச்சத்தில் சாதாரண பேன்ட், இருட்டில் எச்சரிக்கை.

பாக்கெட்டில் நான் ஏமாந்திருக்கிறேன். முன் பாக்கெட்டில் போனை வைத்தால் முட்டி மேலே வரும்போதெல்லாம் அடிவயிற்றில் இடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஏறி ஒருநாள் கோவில்பாளையம் பக்கம் ரோட்டில் விழுந்தே விட்டது. பின் பாக்கெட் பர்ஸின் மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், அன்று இரவு முதுகு வலிக்கும். வலது தொடையின் பக்கவாட்டில், முட்டிக்கு ஒரு சாண் மேலே, ஜிப் வைத்த ஒரு பாக்கெட் போதும். அதில் போனும் கொஞ்சம் பணமும்.

உள்ளே என்ன போடுவது என்பதைத்தான் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஐம்பது கி.மீ. வரை நல்ல பேன்ட்டும் தையல் தொடையில் அறுக்காத உள்ளாடையும் போதும். அதற்கு மேல் போனால் பேடிங் வைத்த மெல்லிய உள் ஷார்ட்ஸ் தனியாக விற்கிறது, அதை இந்தப் பேன்ட்டுக்குள் போடுங்கள், வெளியே தெரியாது. அதற்குள் ஜட்டி போடக்கூடாது. இது தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொண்டு, பேடிங் இருந்தும் வலிக்கிறதே என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். பேடிங் தோலோடு இருக்கும்படி செய்ததுதான், நடுவில் இன்னொரு தையல் வந்தால் அது வாங்கியதே வீண். தடிமனாக இருப்பதுதான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். மிகத் தடிமனானது ஓரங்களில் சுருண்டு தனியாக அறுக்கும். தை மாதத்தில் இந்த ரோடு முழுக்கப் பச்சை வேட்டியில் பழனிக்கு நடக்கும் பக்தர்களிடமிருந்து நான் கற்றது ஒன்று உண்டு, கிளம்பும்போதே தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது. சைக்கிளுக்கும் அது வேலை செய்கிறது. அப்புறம், சீட் சரியான உயரத்தில் இல்லாமல் இடுப்பு இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தால் எந்தப் பேன்ட்டும் காப்பாற்றாது, அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வீடு வந்ததும் குளித்து, அந்தத் துணியை அன்றைக்கே துவைத்து வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு டீவி முன்னால் உட்கார்ந்தால் படர்தாமரை வரும், எனக்கு வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு மருந்துக்கடையில் ஏதோ ஒரு க்ரீம் வாங்கித் தடவினேன். நான்கு நாள் அடங்கி, அப்புறம் இரண்டு மடங்காகப் பரவியது. அந்த மாதிரி க்ரீம்களில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும் என்று தோல் டாக்டர்தான் விளக்கினார். புண்ணோ அரிப்போ மரத்துப்போவதோ நிற்காமல் தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள். உட்காரும் இடத்தில் வந்த பிரச்சினை என்று மறைத்து மறைத்து மாதக்கணக்கில் கஷ்டப்பட வேண்டியதில்லை.

என் மனைவியும் இரண்டு வருஷமாக என்னோடு வருகிறார். சுடிதார் டாப் பறக்கிறது, துப்பட்டா சக்கரத்தில் மாட்டும் பயம் வேறு, லெக்கிங்ஸ் வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது, ஷார்ட்ஸ் அவருக்கு விருப்பமில்லை. பெண்களுக்கான பேன்ட் தேடிப் போனால் பாக்கெட் என்று ஒரு கோடு மட்டும் தைத்து ஏமாற்றியிருக்கிறார்கள், உள்ளே பையே இல்லை. கடைசியில் அதே டெய்லர் அண்ணனிடம்தான் அவருக்கும் தைத்தோம், ஜிப் பாக்கெட் இரண்டு வைத்து. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள், சேலையிலும் தாவணியிலும்தான் மிதித்தார்கள். இன்றைக்குப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பெண் பிள்ளைகள் படிப்பு முடித்த பிறகும் சைக்கிளை விடாமல் இருக்க வேண்டுமென்றால், அவர்கள் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டு வெளியே இறங்கும்படி ஒரு உடை கடையில் தொங்க வேண்டாமா?

மோட்டார் பைக்கில் நீண்ட தூரம் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடை இடுக்கில் தையல் குத்துவது உங்களுக்கும் பொருந்தும், ஆனால் அறுபது எழுபது வேகத்தில் விழுந்தால் இந்த மெல்லிய துணி ஒரு நொடிகூடத் தாங்காது. உங்களுக்கு முட்டிக் காப்பும் உராய்வைத் தாங்கும் துணியும் வைத்த பேன்ட் தனியாக இருக்கிறது, அதில் காசு பார்க்காதீர்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து சோமனூர், பல்லடம், திருப்பூர் எல்லாம் சைக்கிளிலேயே போய்விட்டு மதியத்துக்குள் திரும்பும் தூரம். நெய்கிறவர்கள், சாயம் போடுகிறவர்கள், ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் தட்டையாகத் தையல் போடத் தெரிந்த கைகள் எல்லாம் இந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. உலகத்துக்கே பனியனும் விளையாட்டு உடையும் தைத்து அனுப்புகிற ஊர் இது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர் ரோட்டில் மிதிக்க, சாதாரணமாகத் தெரிகிற, கவட்டில் ஒரு துண்டு துணி கூடுதலாக வைத்த பேன்ட்டை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்க முடியவில்லை. 550 ரூபாய் கூலியில் ஒற்றை ஆளாக எங்கள் டெய்லர் அண்ணன் தைத்துத் தருவதை ஒரு தொழிற்சாலை தைக்க முடியாதா? மாதிரிக்கு வேண்டுமானால் என் பேன்ட்டையே கொண்டுவந்து தருகிறேன், பிரித்துப் பார்த்து அளவு எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் நாளிதழை அங்கே பல முதலாளிகள் படிக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். அடுத்த இணைப்பிதழில் சைக்கிள் பற்றி எழுதும்போது ஒரு தையல்காரரையும் பேட்டி எடுங்கள் என்று ஆசிரியர் குழுவிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாதத்தில் எங்கள் குழுவில் இன்னும் நான்கு பேர் டெய்லர் அண்ணனிடம் அளவு கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சைக்கிளை மாடியில் ஏற்றி வைத்தவர். போன வாரம் அதைக் கீழே இறக்கி டயருக்குக் காற்று அடித்துவிட்டார். பேன்ட் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று டெய்லர் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குச் சிங்காநல்லூர் குளத்தங்கரையில் சந்திக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.